மருத்துவம் தடம் புரளும் திகில் நாவல்கள்: உங்களை உலுக்கியது எது?

பின்னிரவு வாசகி எழுதியது:

இந்த வகை நாவல்களுக்கென்று இங்கே தனி இழை இல்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். கதை முடிவுகளை மறைக்காமல்தான் பேசப் போகிறேன். முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் இத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான். இந்தக் கதைகளில் பயம் பிணத்திலும் இல்லை, பூதத்திலும் இல்லை. ஓர் அறைக்குள் நாலைந்து பேர் நிற்கிறார்கள். நடப்பது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூட ‘வேண்டாம்’ என்று வாயைத் திறப்பதில்லை. அந்த அறையை ஒழுங்காக எழுதிய நாவல்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான் முதலில் வைப்பது ஷுசாகு எண்டோவின் ‘த ஸீ அண்ட் பாய்சன்’. ஜப்பானில் 1950களின் கடைசியில் வந்தது. திகில் நாவல் என்று யாரும் இதை அடுக்கி வைப்பதில்லை, ஆனால் நான் படித்ததிலேயே பயங்கரமான திகில் நாவல் இதுதான். இதன் அடியில் கிடப்பது உண்மைச் சம்பவம். 1945 மே, ஜூன் மாதங்களில் ஃபுகுவோகாவில், கியூஷு பேரரசுப் பல்கலைக்கழகத்தில், பிடிபட்ட அமெரிக்க பி-29 விமானப் படையினர் எட்டுப் பேரை உயிரோடு மேசையில் கிடத்தி அறுத்தார்கள். ரத்தத்துக்குப் பதிலாகக் கடல்நீரை ஏற்றிப் பார்த்தார்கள். நுரையீரலை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

எண்டோ இதை நேரடியாக எடுத்தவுடன் சொல்வதில்லை. முதலில் ஒரு நோயாளி வருகிறான். டோக்கியோவின் புறநகரில் புதிதாகக் குடியேறியவன், காசநோய்க்காரன். விலா எலும்புகளுக்கு நடுவே தடித்த ஊசியைச் செருகிக் காற்று ஏற்றும் பழைய சிகிச்சைக்காகப் பக்கத்திலிருக்கும் சுகுரோ என்ற டாக்டரிடம் போகிறான். டாக்டர் பேசவே மாட்டார். ஆனால் ஊசி போடும் கை அவ்வளவு துல்லியம். இப்படியொரு கைக்காரர் ஏன் இந்த மூலையில் வந்து ஒடுங்கிக் கிடக்கிறார் என்று அவனுக்குச் சந்தேகம் வருகிறது. அங்கிருந்துதான் கதை பின்னோக்கிப் போகிறது.

அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் போருக்கு நடுவிலும் பதவிச் சண்டை. டீன் நாற்காலி காலியாகப் போகிறது. பேராசிரியர் ஹாஷிமோட்டோ அதைப் பிடிக்க வேண்டுமென்று பெரிய இடத்து நோயாளிப் பெண் ஒருத்திக்கு நுரையீரல் அறுவை செய்கிறார். அவள் மேசையிலேயே இறந்துபோகிறாள். அப்புறம் செய்கிறார்களே, அதுதான் எனக்கு இந்த நாவலின் நடுக்கண்டம். பிணத்தை நோயாளி போலவே மூடி வெளியே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். குடும்பத்தாரிடம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள். ராத்திரியில் இறந்ததாகக் கணக்குக் காட்டப் போகிறார்கள். எல்லோரும் அவரவர் வேலையை முகம் மாறாமல் பார்க்கிறார்கள். விமானப் படையினர் வரும்போது வாசகருக்கு அதிர்ச்சியே இல்லை, ஏனென்றால் அந்த ஆட்கள் ஏற்கனவே பழகிவிட்டார்கள். இளம் டாக்டர் சுகுரோ கத்தியைத் தொடவில்லை. சுவரோரமாக நிற்கிறான், அவ்வளவுதான். அந்த நிற்பதைத்தான் நாவல் மன்னிக்க மறுக்கிறது.

அதில் ‘கூடாது’ என்று சொல்கிற ஒரே ஆள் பேராசிரியரின் ஜெர்மானிய மனைவி ஹில்டா. எப்படியும் சாகப் போகிற ஒரு நோயாளிக்கு ஊசி போட்டு முடிக்க நர்ஸ் ஒருத்தி தயாராகும்போது அவள் தடுக்கிறாள். அந்த நர்ஸுக்கு ஹில்டா மேல் வெறுப்பு மூள்கிறது. பிறகு அதே நர்ஸ் சித்திரவதை அறைக்குப் போவதற்கு ஒரு காரணம், ‘உன் புருஷன் என்ன செய்கிறான் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்’ என்கிற வன்மம். மனித மனத்தை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த திகில் கதை வேறு இருந்தால் சொல்லுங்கள்.

பழைய புத்தகக்கடை எழுதியது:

அருமையான தொடக்கம் அம்மா. ஆனால் ஒரு மறுப்பு உண்டு. இந்த வகைக்கே தாயான, மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் நீங்கள் சொல்லும் நாலைந்து பேர் இல்லை. விக்டர் தனி ஆள். இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழக மாணவன், டாக்டர்கூட இல்லை. பிணவறையிலும் கசாப்புக் கொட்டகையிலும் பொறுக்கிய துண்டுகளை வைத்து எட்டடி உருவம் ஒன்றைச் செய்கிறான். அது கண்ணைத் திறந்ததும் ஓடிப்போகிறான். தான் பிறப்பித்ததைத் தானே கைவிடுவதுதான் அந்த நாவலின் பயம்.

இடி, மின்னல், மேசையைக் கூரைக்கு ஏற்றுவது எல்லாம் 1931 சினிமா பதிய வைத்தது. நாவலில் உயிர் எப்படி வந்தது என்பதை மேரி ஷெல்லி சொல்லவே மாட்டார். ஒரு நவம்பர் ராத்திரி, மழை, அணையப் போகிற மெழுகுவத்தி. அதோடு சரி.

ஆனால் அந்தக் காலத்து லண்டன்காரர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. 1803 ஜனவரியில் ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்ற கொலைக் கைதியைத் தூக்கிலிட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்த ஜியோவான்னி ஆல்டினி அந்த உடலில் பேட்டரிக் கம்பிகளை வைத்தார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது, கை முறுக்கிக்கொண்டு மேலே எழும்பியது. கொலைக் கைதியின் உடலை அறுப்பதற்கு ஒப்படைக்க வேண்டும் என்பது அப்போது சட்டம். அதாவது தண்டனை சாவோடு முடிவதில்லை. பிணமான பிறகும் மருத்துவர் கையில் தொடரும்.

மேரி இந்தக் கதையைத் தொடங்கியபோது வயது 18. 1816 கோடை, ஜெனீவா ஏரிக்கரை. முந்தைய ஆண்டு தம்போரா எரிமலை வெடித்ததால் அந்த வருஷம் கோடையே இல்லை, ஓயாத மழை. எரிமலை வெடித்த அதே 1815இன் தொடக்கத்தில் அவருடைய முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து சில நாளில் இறந்திருந்தது. குழந்தை சும்மா சில்லிட்டுப் போயிருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது என்று கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவரைப் பெற்ற பத்துப் பதினோரு நாளில் தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்டும் பிரசவக் காய்ச்சலில் போய்விட்டார். செத்ததை எழுப்ப முடியாதா என்று ஏங்குகிறவளும், எழுப்பிவிட்டு ஓடுகிறவனைத் திட்டுகிறவளும் ஒரே ஆள். அதனால்தான் 1818இல் வந்த புத்தகம் இன்னும் சூடு ஆறாமல் இருக்கிறது.

பின்னிரவு வாசகி எழுதியது:

ஐயா, குழந்தைக் கனவைப் பற்றி நீங்கள் சொன்னதை வைத்து முழு நாவலையும் மறுபடி படிக்கத் தோன்றுகிறது. ஆனால் ஜஸ்டினை விட்டுவிட்டீர்களே! விக்டரின் தம்பியைக் கொன்றது அந்த உருவம்தான். பழி வீட்டில் வளர்ந்த ஜஸ்டின் மேல் விழுகிறது. விக்டருக்கு உண்மை தெரியும். நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறான். அவளைத் தூக்கில் போடுகிறார்கள். எனக்கு விக்டரின் முதல் பெரிய பாவம் அந்த மௌனம்தான். ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்தான், சரி. நீதிமன்றத்தில் தனியாக இல்லையே.

ஓடி சிஸ்டர் எழுதியது:

வணக்கம். மதுரைப் பக்கம் ஆபரேஷன் தியேட்டரில் வேலை. இந்த இழையில் ராபின் குக் எழுதிய ‘கோமா’ இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 1977இல் வந்த நாவல், அடுத்த வருஷமே படமாக வந்தது. எழுதியவரும் டாக்டர், கண் மருத்துவம் படித்தவர். படத்தை எடுத்த மைக்கேல் கிரைட்டனும் மருத்துவம் படித்தவர்.

பாஸ்டனில் பெரிய ஆஸ்பத்திரி. சின்ன ஆபரேஷனுக்கு வந்த ஆரோக்கியமான ஆட்கள் மயக்கம் தெளியாமலே போகிறார்கள். சூசன் வீலர் என்ற மாணவி துருவிப் பார்க்கிறாள். எல்லாமே எட்டாம் நம்பர் தியேட்டர். அங்கே ஆக்சிஜன் குழாயில் கார்பன் மோனாக்சைடு கலக்கிறது. உறுப்பு விற்பனைக்காக.

தியேட்டர் ஆட்களுக்கு இது ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்கிறேன். மயக்கத்தில் இருப்பவர் மூச்சுத் திணறினால் நாங்கள் முதலில் உதட்டையும் நகத்தையும் பார்ப்போம், நீலம் பூக்கும். கார்பன் மோனாக்சைடில் பூக்காது. அது ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும், ரத்தம் நல்ல சிவப்பாகவே இருக்கும். நாவல் வந்த காலத்தில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தியேட்டர்களில் கிடையாது. இப்போது இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். சாதாரண ஆக்சிமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. திரை 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே மூளை போய்க்கொண்டிருக்கும். ரத்தத்தை எடுத்து அதற்கென்று உள்ள கருவியில் சோதித்தால்தான் பிடிபடும். ராபின் குக் தேர்ந்தெடுத்த விஷம் அவ்வளவு சரியானது.

இடிக்கிற இடமும் உண்டு. அந்த வாயு மூளையை மட்டும் தாக்கி இதயத்தை விட்டுவைக்காது, அதனால் வில்லன் நினைக்கிற அளவு சுத்தமான திட்டம் இல்லை. ஆனால் படிக்கும்போது அதெல்லாம் தோன்றாது.

திருச்சிக்காரன் எழுதியது:

எல்லோரும் ரசித்துப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என் சித்தப்பா மகன் பைக் விபத்தில் சிக்கி மூளைச்சாவு என்றார்கள். உறுப்பு தானம் பற்றிப் பேச்சு வந்ததும் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, ‘அதுக்குத்தான் புள்ளைய சாகடிச்சிட்டானுங்க, படத்துல பாக்கலையா?’ சித்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார். மூச்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, எப்படிச் செத்தான் என்று நம்புவது? கையெழுத்துப் போடவில்லை. இந்த மாதிரிக் கதைகள்தான் அந்த விதையைப் போட்டன. படித்தவர்களுக்குப் பொழுதுபோக்கு, எங்கள் வீட்டில் அதற்கு வேறு விலை. ஓர் இளம் டாக்டர் வராந்தாவில் நின்று இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போனார் என்பதும் உண்மை, அதையும் மறைக்கவில்லை.

ஓடி சிஸ்டர் எழுதியது:

திருச்சிக்காரன் தம்பி, உங்கள் சித்தியை நினைத்தால் மனசு பிசைகிறது. வென்டிலேட்டரில் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ‘இறந்துவிட்டார்’ என்பதை ஏற்பது சாதாரணக் காரியம் இல்லை. வராந்தாவில் நின்றபடி சொல்கிற விஷயமும் இல்லை அது.

கோமாவும் மூளைத்தண்டுச் சாவும் வேறு வேறு. மூளைச்சாவு என்று சொல்வது இரண்டாவதைத்தான். கோமாவில் இருப்பவரின் உறுப்பை எடுக்கவே முடியாது. நம் நாட்டில் 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் சான்று தர வேண்டும், மாற்று அறுவை செய்யும் குழுவைச் சேர்ந்தவர் யாரும் அதில் இருக்கக் கூடாது. சோதனைகளை இரண்டு தடவை செய்ய வேண்டும், நடுவில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி.

அதில் ஒன்று மூச்சுச் சோதனை. வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு ஆக்சிஜனை மட்டும் குழாய் வழியே விடுவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூளைத்தண்டில் துளி உயிர் இருந்தாலும் மூச்சு இழுத்தே தீரும். சட்டையை விலக்கிவிட்டு எல்லோரும் நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு நிற்போம். ஏழெட்டு நிமிஷம் ஆகும். யாரும் பேச மாட்டோம். ஒரு தடவையாவது அசைந்துவிடாதா என்றுதான் அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் நினைப்போம். இதை எந்த நாவலாசிரியரும் எழுதி நான் படித்ததில்லை. எழுதினால் ‘கோமா’ படித்த பயத்துக்குச் சரியான பதில் அதில் இருக்கும்.

2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அது வந்த பிறகு குடும்பங்களோடு பேசுவது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது என்பது என் அனுபவம்.

பின்னிரவு வாசகி எழுதியது:

திருச்சிக்காரன், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயத்தின் விதையைக் கதைகள் மட்டும் போடவில்லை, நம் ஊரே போட்டிருக்கிறது. 1994க்கு முன் கிட்னி விற்பது சட்டப்படி குற்றமே இல்லை. சென்னை வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என்றே சொன்ன காலம் உண்டு. 2001இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப்பிடித்து விசாரித்த ஆய்வு ஒன்று அடுத்த வருஷம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு மோசமானதாகச் சொன்னார்கள். இன்னொருவருக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா என்றதற்கு 79 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள்.

இதில் எட்டாம் நம்பர் தியேட்டர் இல்லை, விஷ வாயு இல்லை. கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது. வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். ‘கோமா’ போன்ற நாவல்களில் எனக்குள்ள ஒரே குறை இங்கேதான். ஒரு கெட்ட டாக்டர், ஒரு சதி என்று அடைத்துவிடுகிறார்கள். அவனைப் பிடித்தால் கதை முடிந்தது. நிஜத்தில் பிடிப்பதற்கு அப்படி ஒற்றை ஆள் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பினத்தவர் 399 பேரைச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தார்கள். நாற்பது வருஷத்தில் எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் மாறியிருப்பார்கள்! அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அதற்கு எண்டோ மாதிரி ஒருவர் இன்னும் நாவல் எழுத வேண்டும்.

லேப் தம்பி எழுதியது:

மருந்தியலில் ஆராய்ச்சி மாணவன். எச்.ஜி. வெல்ஸின் ‘மோரோ தீவு’ நாவலைச் சொல்லாமல் போக முடியாது. 1896இல் வந்தது. வெல்ஸ் உயிரியல் படித்தது டி.எச். ஹக்ஸ்லியிடம், அதனால் அறுக்கிற மேசை அவருக்குப் பழகிய இடம். உயிருள்ள விலங்குகளை அறுப்பதைக் கட்டுப்படுத்த 1876இலேயே பிரிட்டனில் சட்டம் வந்திருந்தது, சண்டை ஓயவில்லை. அந்தச் சூட்டில்தான் இந்த நாவல் வந்து விழுகிறது.

மோரோ என்ற டாக்டர் ஒரு தீவில் மிருகங்களை அறுத்து மனித உருவத்துக்கு மாற்றப் பார்க்கிறான். எனக்கு அதில் அந்த மனித மிருகங்களைவிடப் பூமாவின் கத்தல்தான் பயம். கப்பல் மூழ்கித் தீவில் வந்து சேர்ந்த பிரெண்டிக் பக்கத்து அறையில் இருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் மோரோ பூமாவை அறுக்கிறான், மயக்க மருந்து இல்லாமல். மணிக்கணக்காகக் கத்துகிறது. தாங்க முடியாமல் பிரெண்டிக் வெளியே நடக்கப் போய்விடுகிறான். போய்த் தடுக்கவில்லை, காதுக்கு எட்டாத தூரத்துக்குப் போகிறான். அக்கா சொல்லும் ஆட்களில் இவனும் ஒருவன்.

எங்கள் விலங்குக் கூடத்தில் எலியைக் கையாளுவதற்கு முன்னால் எத்தனை எலி, ஏன் இத்தனை, வலி எப்படிக் குறைப்பாய் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். குழுவில் எங்கள் நிறுவனத்தைச் சாராதவர்களும் உண்டு. முதலில் அது எரிச்சலாகத்தான் இருக்கும். வெல்ஸைப் படித்த பிறகு அந்தப் படிவத்தை வேறு கண்ணோடு நிரப்புகிறேன்.

அரைத்தூக்கம் எழுதியது:

நல்ல விவாதம்தான், ஆனால் நீதிமன்றம் மாதிரி ஆகிவிட்டது. திகில் கதை படிப்பதே முதுகுத்தண்டு சில்லிட வேண்டும் என்றுதானே? அதற்கு ஒரு சிபாரிசு. அலெக்சாந்தர் பெலியாயெவ் எழுதிய ‘பேராசிரியர் டோவெலின் தலை’. சோவியத் நாவல், 1925இல் சிறுகதையாக வந்து பிறகு நாவலாக வளர்ந்தது.

மேரி லோரான் என்ற பெண் கெர்ன் என்ற அறுவை மருத்துவரிடம் வேலைக்குச் சேர்கிறாள். கூடத்தில் ஒரு மனிதத் தலை, உடல் இல்லாமல், குழாய்களால் உயிரோடு. கண் இமைக்கிறது, உதடு அசைகிறது, சத்தம் இல்லை. தொண்டைப் பக்கம் ஒரு குழாய்த் திருகு இருக்கிறது, அதை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதே என்று கெர்ன் எச்சரித்திருக்கிறான். தலை கண்ணாலேயே அந்தத் திருகைக் காட்டிக் காட்டிக் கெஞ்சுகிறது. ஒருநாள் அவள் திறக்கிறாள். காற்று தொண்டை வழியே போக, தலை பேச ஆரம்பிக்கிறது. அது கெர்னின் குருநாதர். அவர் மூளையைப் பிழிந்து எடுத்த ஆய்வுகளைத்தான் சிஷ்யன் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டிருக்கிறான்!

பெலியாயெவ் முதுகெலும்புக் காசநோயால் ஆண்டுக்கணக்கில் அசைய முடியாமல் படுத்துக் கிடந்தவர். உடல் இல்லாத தலை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னிரவு வாசகி எழுதியது:

அரைத்தூக்கம், என் கட்சிக்கே வலுச் சேர்த்துவிட்டீர்கள். லோரான் அந்தத் திருகைத் திறக்கிற பக்கம்தான் முழு நாவலிலும் முதுகு சில்லிடுகிற பக்கம். ‘தொடாதே’ என்று சொல்லப்பட்டதைத் தொட ஒருத்திக்குத் துணிச்சல் வருகிறது. பயமும் நிம்மதியும் ஒரே வரியில் வருகிற இடம் அது. தேடிப் படிக்கிறேன், நன்றி.

திருச்சிக்காரன் எழுதியது:

சிஸ்டர் எழுதியதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த ஏழெட்டு நிமிஷத்தைப் பற்றி அன்றைக்கே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் யோசித்திருப்போம் என்றார். கதைகள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஒரு கேள்வி. தங்கை இந்த வருஷம் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறாள். இந்தப் பட்டியலில் அவளுக்கு ஒன்றுதான் வாங்கித் தருவேன் என்றால் எது?

பழைய புத்தகக்கடை எழுதியது:

‘ஃபிராங்கன்ஸ்டைன்’. 1818 பதிப்பின் பாடமாகப் பார்த்து வாங்குங்கள். 1831இல் மேரி ஷெல்லி திருத்தி எழுதியதில் விக்டருக்கு விதி என்ற சாக்கு கூடிவிடும். முதல் பதிப்பில் அவன் செய்ததற்கு அவனே பொறுப்பு. டாக்டராகப் போகிற பிள்ளைக்கு அதுதான் நல்லது.

ஓடி சிஸ்டர் எழுதியது:

நான் எண்டோவைச் சொல்வேன், வாசகி சொன்ன காரணத்துக்காகவே. இன்று தியேட்டரில் கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிஷம் நிற்கிறோம். 2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல் அது. நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று சத்தமாகச் சொல்வதோடு, அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். ஏன் தெரியுமா? தன் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்ன ஜூனியர், அப்புறம் தப்பு நடந்தால் ‘சார், நில்லுங்க’ என்று சொல்லத் தயங்க மாட்டார். எட்டு ஊர்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்ததில், அறுவைக்குப் பின் இறப்பவர்கள் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தார்கள்.

சில பெரிய சர்ஜன்கள் இதை அவசரமாகத் தாண்டப் பார்ப்பார்கள். தங்கை ஹவுஸ் சர்ஜன் ஆகும்போது அப்படி ஒரு தியேட்டரில் நிற்பாள். சுகுரோவைப் படித்துவிட்டுப் போய் நிற்கட்டும்.